மாடிப்படிக்கு அடியில் கிடந்த டி.வி.!

இந்தப் பகுதியில் வரும் கடிதங்களை ஒன்று விடாமல் படிக்கிறவள் நான். எழுதுவது இதுதான் முதல் தடவை. எனக்கு வயது 36. பத்தாவது வரை படித்திருக்கிறேன். திருச்சி எடமலைப்பட்டி புதூரில் கணவர், இரண்டு பெண் பிள்ளைகள், மாமியாருடன் வசிக்கிறேன். வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுத்துக் கொஞ்சம் சம்பாதிக்கிறேன். எங்கள் வீட்டில் நடந்த ஒரு விஷயத்தை உங்களோடு பகிர்ந்து கொண்டால் உங்களில் சிலருக்காவது பிரயோஜனப்படும் என்று நினைத்து எழுதுகிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக் கொள்ளுங்கள்.

2025 மே மாதம் எங்கள் பகுதிக்குப் பக்கத்தில் பஞ்சப்பூரில் புதுப் பஸ் நிலையம் திறந்தார்கள் அல்லவா? அதிலிருந்து எங்கள் தெருவில் எல்லாருக்கும் ஒரே பேச்சுதான். ‘முன்பக்கம் ஒரு கடை ரூம் எடுத்து வாடகைக்கு விடலாம்’ என்று. என் கணவருக்கும் அந்த ஆசை வந்தது. அதற்காக மாடிப்படிக்கு அடியில் இருந்த இடத்தைக் காலி செய்ய ஆரம்பித்தோம். பழைய சைக்கிள், ஓட்டை அண்டா, கும்மட்டி அடுப்பு, கிழிந்த பாய் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. எல்லாவற்றுக்கும் பின்னால், பழைய போர்வை சுற்றி, நாலு கால் வைத்த ஒரு மரப்பெட்டி.

ஏதோ சின்ன பீரோ என்றுதான் நினைத்தேன். முன்பக்கம் இரண்டு பக்கமும் இழுக்கிற ஷட்டர் கதவு. பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். கடகடவென்று ஒதுங்கியது. உள்ளே சாம்பல் நிறத்தில் பிதுங்கின கண்ணாடி. பக்கத்தில் 12 வரை நம்பர் போட்ட பெரிய திருகு. டி.வி.!

“அட, நம்ம பழைய டி.வி.! நான் பத்தாவது படிக்கறப்ப நின்னு போச்சு. இன்னுமா இருக்கு?” என்றார் என் கணவர். என் சின்னப் பெண், “அம்மா, இதுக்கு ரிமோட் எங்க?” என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தோம்.

பழைய சாமான் எடுக்கிறவர் வந்தார். எல்லாவற்றுக்கும் விலை சொல்லிவிட்டு டி.வி.யைப் பார்த்து, “முன்னூறு ரூபா தரேங்க. கண்ணாடிய உடைச்சுப் போட்டுட்டு உள்ள இருக்கற செம்புக் கம்பிய எடுப்போம், அதுக்குத்தான் காசு” என்றார். என் கணவர் தலையாட்டினார்.

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். அத்தை நிலைப்படியில் நின்று கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை. மெல்ல வந்து முந்தானையால் அந்தப் பெட்டியின் மேல் பக்கத்தை ஒரு தரம் துடைத்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

மாமா இறந்து நாலு வருஷம் ஆகிறது. அதிலிருந்தே அத்தை பேச்சைக் குறைத்துக் கொண்டார். சாப்பாடு நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார். நான் என்ன செய்தாலும் ‘உம்’ தான். கல்யாணமான புதிதில் எங்களுக்குள் இருந்த சண்டைகூட இல்லாமல் போனது எனக்கே என்னவோ போல் இருந்தது. அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. கேட்டதற்கு “வயிறு மந்தமா இருக்கு” என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. ‘டி.வி.யை மட்டும் ரெண்டு நாள் கழிச்சு எடுத்துக்கங்க’ என்று பழைய சாமான்காரருக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை வாசலில் உட்கார்ந்து பூக் கட்டிக் கொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டேன். “ஏன் அத்தை, அந்த டி.வி. மாமா வாங்கினதா?”

“யார் சொன்னா? அது நான் வாங்குனது” என்றார். அவ்வளவு அழுத்தமாக அவர் பேசி நான் கேட்டு எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

அப்புறம் அவராகவே சொன்னார். 1987 தீபாவளிக்கு வாங்கியதாம். மாமா அப்போது பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை. கறுப்பு வெள்ளை, 20 இன்ச். மூவாயிரத்துச் சொச்சம் விலை. மாமாவின் பண்டிகை முன்பணம் போதவில்லை. அத்தை தன் சீட்டுப் பணத்தையும் போட்டு, இரண்டு வளையலையும் அடகு வைத்து வாங்கியிருக்கிறார். தெருவிலேயே முதல் டி.வி. நம் வீட்டில்தானாம்.

“வெள்ளிக்கிழமை ஆச்சுன்னா ‘ஒளியும் ஒலியும்’ பாக்கக் கூடத்துல நாப்பது பேரு இருப்பாங்க. ஞாயித்துக்கிழமை காலைல ராமாயணம். இந்தி ஒரு வார்த்தை புரியாது. இருந்தாலும் செருப்ப வாசல்ல கழட்டிட்டு வந்து கைகூப்பி உக்காருவாங்க. ஒரு பாட்டி டி.வி.க்குப் பூ வச்சு சூடமே காட்டும். எம்.ஜி.ஆர். செத்தப்ப தெருவே நம்ம வீட்டுல உக்காந்து அழுதுச்சு.”

“உங்களுக்குப் பெருமையா இருந்திருக்குமே அத்தை?”

பூத் தொடுத்துக் கொண்டிருந்த கை நின்றது. “நான் எங்கம்மா பாத்தேன்? வந்தவங்களுக்குத் தண்ணி, புள்ளைங்களுக்கு முறுக்கு, பெரியவங்களுக்குக் காப்பி. எல்லாரும் போனப்புறம் கூடத்தக் கூட்டணும். மாமனார் உக்காந்திருக்கற எடத்துல மருமக வந்து உக்கார முடியுமா அப்ப? அடுப்படியில இருந்து சத்தம் மட்டும் கேப்பேன். படத்த மத்தவங்க பாத்தாங்க, சத்தத்த நான் கேட்டேன்.”

சகோதரிகளே, எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. சொந்த வளையலை அடகு வைத்து வாங்கின பொருளை, ஒருநாள் கூட எதிரில் உட்கார்ந்து பார்க்காத ஒருத்தரோடு பதினாலு வருஷமாக ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். எனக்கு அது தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

அந்த டி.வி.யை ஓட வைத்தே தீருவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

என் கணவரிடம் சொன்னபோது, “உனக்கென்ன பைத்தியமா? சுவத்துல 32 இன்ச் மாட்டியிருக்கு. அதுல பாக்கச் சொல்லு. கடை ரூமுக்கே காசு எங்கனு தெரியல” என்று கத்தினார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் நான் அவரிடம் காசு கேட்கவில்லை. தையல் மெஷினுக்கு மோட்டார் போட வேண்டும் என்று ஜாக்கெட் காசில் மிச்சம் பிடித்து ஆறாயிரம் ரூபாய் கடுகு டப்பாவில் வைத்திருந்தேன். அதில்தான் கை வைத்தேன். மூன்று நாள் எங்களுக்குள் பேச்சு இல்லை.

முதலில் இரண்டு கடைகளில் கேட்டேன். ஒரு கடையில் பார்த்தவுடனேயே கையெடுத்துக் கும்பிட்டு விட்டார்கள். இன்னொரு கடையில் செட்டை வாங்கி வைத்துக் கொண்டு நாலு நாள் கழித்து, “ஸ்பேர் கிடைக்காது” என்று திருப்பிக் கொடுத்தார்கள். பார்த்ததற்குக் கூலி 500 ரூபாய். வீட்டுக்கு வந்து பார்த்தால் பின்பக்க மூடியில் இரண்டு ஸ்குரூவைக் காணோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆத்திரத்தில் நானே பின் மூடியைக் கழற்றி, ஈரத் துணியை எடுத்துக் கொண்டு உள்ளே துடைக்கப் போனேன். நல்லவேளை, அந்த நேரம் பார்த்து ஜாக்கெட் வாங்க ஒரு அக்கா வந்தார். “ஐயையோ, எங்க சித்தப்பா டி.வி. மெக்கானிக்கு. அவரு இதப் பாத்தா அடிச்சே போட்டுடுவாரு. கைய வைக்காத!” என்று தடுத்து, அவரையே மறுநாள் அழைத்து வந்தார்.

எழுபது வயதைத் தாண்டிய பெரியவர். பாலக்கரைப் பக்கம் முப்பது வருஷம் கடை வைத்திருந்தவராம். முதலில் எனக்கு நல்ல டோஸ் விட்டார். “ஏம்மா, ஓடுற டி.வி.யில இந்தப் பிக்சர் டியூபுக்குப் பதினஞ்சாயிரம் வோல்ட் வரைக்கும் போகும். ப்ளக்கைப் புடுங்குன பின்னாடியும் டியூபு அந்தக் கரண்ட்டப் புடிச்சு வச்சுக்கும். நேத்து வரைக்கும் ஓடுன செட்டா இருந்தா உன் கை என்னாகும்? அந்த டியூபோட கழுத்துல இடிச்சா கண்ணாடி வெடிச்சு மூஞ்சில அடிக்கும்” என்றார். கேட்கவே உடம்பு நடுங்கியது. இத்தனை வருஷம் டி.வி. பார்த்தும் இது நமக்குத் தெரியவில்லையே!

அதற்கப்புறம் அவர் டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் மலர்ந்தது. “பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் டியூபும்மா இது. கழுத்து உடையல. நல்லா கவனிச்சு மூடி வச்சிருக்காங்க. யார் போர்வை சுத்துனது?” என்றார். அத்தை அடுப்படி வாசலில் நின்றபடி, “நான்தான்” என்றார்.

பெரியவர் வேலை செய்த பத்து நாளும் என் பிள்ளைகள் இரண்டு பேரும் அவரை விட்டு நகரவில்லை. அவரும் சலிக்காமல் கதை சொன்னார். நானும் தைத்துக் கொண்டே கேட்டேன். நான் கேட்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

லண்டனில் ஜான் லோகி பேர்டு என்பவர் 1926 ஜனவரியில் முதன்முதலாக டெலிவிஷனை அறிஞர்களுக்கு இயக்கிக் காட்டினாராம். நம் ஊரிலும் 1950லேயே சிவகுமாரன் என்ற மின் பொறியியல் மாணவர், சென்னை தேனாம்பேட்டையில் நடந்த கண்காட்சியில், ஒரு கடிதத்தைப் படம் பிடித்து டியூபில் தெரிய வைத்திருக்கிறார். டெல்லியில் 1959 செப்டம்பர் 15ல் சோதனை ஒளிபரப்பு ஆரம்பித்தது. சென்னைக்கு வந்தது 1975 ஆகஸ்ட் 15ல். நம்மைப் போன்ற ஊர்களுக்கு டி.வி. பரவியதெல்லாம் 1984க்குப் பிறகு ஊர் ஊராக ஒளிபரப்புக் கோபுரங்கள் வைத்ததால்தான். நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்க்காரர்கள் உயரமான கம்பம் நட்டு, 1982ல் தொடங்கிய இலங்கை ரூபவாஹினியைப் பார்ப்பார்களாம்.

“டயனோரா, சாலிடேர் எல்லாம் நம்ம மெட்ராஸ் கம்பெனிங்கதான். ஒரு காலத்துல தமிழ்நாட்டுல எந்த வீட்டுக்குப் போனாலும் இந்த ரெண்டுல ஒண்ணு இருக்கும். 2006ல இலவச கலர் டி.வி. திட்டம் வந்தப்ப, தெருத் தெருவா கறுப்பு வெள்ளை செட்டு காயலான் கடைக்குப் போச்சு. என் கண்ணால பாத்தேன்” என்றார் பெரியவர். அதைச் சொல்லும்போது அவர் குரலே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

படம் எப்படித் தெரிகிறது என்று பெரியவள் கேட்டாள். டியூபின் கழுத்துப் பக்கம் இருந்து ஒரு எலெக்ட்ரான் கதிர் பாய்ந்து, கண்ணாடியின் உள்பக்கம் பூசியிருக்கும் பொடியில் பட்டால் வெளிச்சம் வருமாம். அந்த ஒரே புள்ளி, கோலம் போடுகிற மாதிரி இடமிருந்து வலமாகக் கோடு கோடாக ஓடி, 625 கோட்டில் ஒரு படத்தைப் போட்டு முடிக்குமாம். ஒரு நொடிக்கு அப்படி 25 படம். “நம்ம கண்ணுதாம்மா ஏமாறுது. உண்மையில அங்க ஒரு புள்ளிதான் ஓடிக்கிட்டு இருக்கு” என்றார். சகோதரிகளே, மார்கழி மாதம் புள்ளிக் கோலம் போடும் நமக்கு இது புரியாதா என்ன?

வேலைக்கு வருகிறேன். முதல் நாள் காய்ந்த பிரஷ்ஷால் தூசி தட்டினார். பல்லி முட்டை, கரப்பான் இறகு, ஒரு நாலணா நாணயம் எல்லாம் வந்தது. எலி கடித்த இரண்டு வயரை மாற்றினார். நேராகப் பிளக்கில் செருகவில்லை. ஒரு 100 வாட் குண்டு பல்பை நடுவில் சேர்த்து, அதன் வழியாகக் கரண்ட் கொடுத்தார். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து கொண்டே இருக்கும், செட்டு தப்பிக்கும். எங்கள் பல்பு ஒரு தரம் பளிச்சென்று எரிந்து, பிறகு மங்கியது. “நல்ல சகுனம்” என்றார்.

அடுத்த நாள் பல்பை எடுத்துவிட்டுப் போட்டார். அரை நிமிஷம் ஒன்றுமில்லை. திடீரென்று கண்ணாடி நடுவில், குறுக்கே ஒரே ஒரு வெள்ளைக் கோடு. பிள்ளைகள் கைதட்டினார்கள். அவரோ பாய்ந்து போய் வெளிச்சத்தைக் குறைத்தார். “இந்தக் கோடு இப்படியே நின்னா அந்த எடத்துல டியூபு பொசுங்கிடும். உயிர் இருக்கு. ஆனா மேல கீழ விரிக்கற பாகம் வேலை செய்யல” என்றார்.

அந்தப் பாகத்தில் இருந்த கண்டன்சர்கள் வருஷக் கணக்கில் கிடந்து காய்ந்து போயிருந்தன. இரண்டு இடத்தில் ஈயப் பற்று விட்டுப் போயிருந்தது. ஒரு டிரான்சிஸ்டரும் போய்விட்டது. அது திருச்சியில் கிடைக்கவில்லை. சென்னை ரிச்சி தெருவில் அவருக்குத் தெரிந்த ஒருவர் மூலம் வரவழைத்தார். வர ஆறு நாள் ஆனது. அந்த ஆறு நாளும் அத்தை ஒருநாள் விடாமல் “வந்துடுச்சாமா?” என்று கேட்டார். எனக்குப் பயம் பிடித்துக் கொண்டது. ஆசையைக் கிளப்பிவிட்டு ஓடாமல் போனால் அந்த மனுஷி இன்னும் ஒடுங்கிப் போய்விடுவாரே என்று. ‘பேசாமல் முன்னூறு ரூபாய்க்கே போட்டிருக்கலாமோ’ என்று கூட ஒரு ராத்திரி நினைத்தேன்.

இதற்கிடையில் பெட்டியை நான் பார்த்துக் கொண்டேன். கறையான் அரித்த ஒரு காலை ஆசாரி மாற்றிக் கொடுத்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அரக்கையும் ஸ்பிரிட்டையும் கலந்து துணியில் தொட்டு மெல்லிசாக நாலு தடவை பூசினேன். ஒவ்வொரு பூச்சும் நன்றாகக் காய்ந்த பிறகுதான் அடுத்தது. நாலாவது பூச்சுக்கு அத்தை தானாக வந்து துணியை வாங்கிக் கொண்டார். “ஓரமா பூசணும், இந்தா இப்படி” என்று எனக்குச் சொல்லியும் கொடுத்தார். ஷட்டர் ஓடுகிற பள்ளத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்தோம். வெண்ணெய் மாதிரி ஓடுகிறது.

பார்சல் வந்தது. பாகங்களை மாட்டிப் போட்டதும் கோடு மேலும் கீழும் விரிந்து கண்ணாடி முழுக்க நிறைந்தது. ஆனால் படம் இல்லை. புள்ளி புள்ளியாக மழை பெய்கிற மாதிரி. “ஆன்டெனா வச்சாச் சரியாகிடுமா?” என்று கேட்டேன். பெரியவர் சிரித்தார். “எந்த ஆன்டெனாம்மா? தூர்தர்ஷன் பழைய முறை ஒளிபரப்புக் கோபுரங்கள ஒவ்வொண்ணா நிறுத்தி, 2022க்குள்ள பெரும்பாலும் எல்லாத்தையும் மூடிட்டாங்க. இதுக்குக் கேக்கற பாஷையில பேசறதுக்கு ஆகாசத்துல இப்ப ஆள் இல்ல” என்றார்.

எனக்குப் பொக்கென்று போய்விட்டது. ஆனால் அவரிடம் வழி இருந்தது. இப்போதைய செட்டாப் பாக்ஸில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர் வருகிறதே, அதைப் பழைய டி.வி.க்குப் புரிகிற சேனலாக மாற்றித் தர ‘மாடுலேட்டர்’ என்று ஒரு பெட்டி உண்டு. கேபிள் டி.வி. ஆரம்ப காலத்தில் ஒவ்வொரு கேபிள் ஆபீஸிலும் அடுக்கி வைத்திருந்தது. பழைய கேபிள்காரர் ஒருவரிடம் சும்மா கிடந்ததை 900 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்தார். அது எந்தச் சேனலில் அனுப்புகிறதோ அந்த நம்பருக்கு டி.வி. திருகை ‘டக் டக்’ என்று திருப்ப வேண்டும். அவ்வளவுதான். கலர் படம் அனுப்பினாலும் இது கறுப்பு வெள்ளையாகவே காட்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாம் தயார். மூன்று நாள் பேசாமல் இருந்து, அப்புறம் ‘உம், ஆம்’ என்று மட்டும் பேசிக் கொண்டிருந்த என் கணவர் அன்றைக்கு வேலையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார். ஒன்றும் சொல்லாமல் மாமாவின் கை வைத்த நாற்காலியைத் தூக்கி வந்து டி.வி.க்கு நேர் எதிரில் போட்டார்.

பெரியவர் பட்டனைத் தட்டினார். பழைய பாட்டுப் போடும் சேனல். கொஞ்சம் கரகரவென்றது, திருகைச் சரி செய்ததும் தெளிந்தது. கறுப்பு வெள்ளைப் படம், கறுப்பு வெள்ளை டி.வி.யில். எங்கள் 32 இன்ச்சில் பார்ப்பது மாதிரி இல்லை. அதில் ஒரு குளிர்ச்சி இருந்தது.

அத்தை எங்கே என்று பார்த்தால், பெரியவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, டீ போட அடுப்படிக்குப் போய்க் கொண்டிருந்தார்! முப்பத்தெட்டு வருஷப் பழக்கம். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். “அத்தை, டீ நான் போடறேன். நீங்க உக்காருங்க.”

“ஆம்பளைங்க இருக்காங்க...” என்று இழுத்தார். “இருக்கட்டும்மா, உக்காரு” என்றார் என் கணவர். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். நான் அடுப்படிக்கு வந்து பால் வைத்தேன். கூடத்திலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. நடுவில் அத்தையின் குரல்.

“இந்தப் பாட்டுக்கு இவங்களா ஆடுறாங்க? நான் இத்தனை வருஷமா வேற யாரோன்னு நெனச்சிட்டிருந்தேன்!”

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்தப் பாட்டை அவர் எத்தனை தடவை இதே இடத்தில் நின்று கேட்டிருப்பார்! இப்போது அதே அடுப்புக்கு முன்னால், சத்தத்தை மட்டும் கேட்டுக் கொண்டு நான் நின்று கொண்டிருக்கிறேன்.

அதை நான் நினைத்த அதே நேரத்தில் அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். “ஏம்மா, அந்த அடுப்ப நிறுத்திட்டு வா. டீ அப்புறம் ஆகட்டும்” என்று கூப்பிட்டார். “வா, இங்க வந்து உக்காரு.” தரையில் அவர் காலடியில் உட்கார்ந்தேன். டீயை என் கணவர் போட்டார். சர்க்கரை இரண்டு மடங்கு. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இதோ கணக்கு: இரண்டாவது கடைக்குத் தண்டமாகக் கொடுத்தது 500, உதிரி பாகங்கள் 740, மாடுலேட்டர் 900, ஆசாரி 600, உப்புத்தாள், அரக்கு, ஸ்பிரிட் 410, மெக்கானிக் பெரியவருக்கு 1,700. ஆக மொத்தம் 4,850 ரூபாய். பெரியவர் 1,500 தான் கேட்டார். அத்தை தன் கையால் 200 சேர்த்துக் கொடுக்கச் சொன்னார்.

பழைய டி.வி.யை வீட்டில் வைத்திருக்கும் சகோதரிகளுக்கு நான் பட்டுத் தெரிந்து கொண்டதைச் சொல்கிறேன்:

* வருஷக் கணக்கில் கிடந்த டி.வி.யை ஆசைக்காக நேராகப் பிளக்கில் செருகாதீர்கள். காய்ந்த கண்டன்சர் வெடிக்கலாம், புகையலாம். விவரம் தெரிந்தவர் பார்த்த பிறகே கரண்ட் கொடுக்க வேண்டும்.

* பின் மூடியை நீங்களாகத் திறக்காதீர்கள். நான் செய்த முட்டாள்தனத்தை யாரும் செய்ய வேண்டாம். கரண்ட் இல்லாதபோதும் உள்ளே ஆபத்து உண்டு. குழந்தைகளைக் கிட்டே விடவே கூடாது.

* பெட்டியையும் கண்ணாடியின் முன்பக்கத்தையும் மட்டும் நாம் துடைக்கலாம். காய்ந்த துணி போதும். ஈரம் வேண்டாம்.

* பின்பக்கம் காற்று போகும் ஓட்டைகளை மூடும்படி சுவரை ஒட்டி வைக்காதீர்கள். மேலே துணி விரித்துப் பூச்சாடி வைப்பதும் கூடாது.

* இளைஞர்களிடம் கேட்பதை விட, கடையை மூடிவிட்டு வீட்டில் இருக்கும் பழைய மெக்கானிக்குகளை விசாரியுங்கள். அவர்களுக்கும் சந்தோஷம், நமக்கும் வேலை ஆகும்.

* கூலியை முதலிலேயே பேசிக் கொள்ளுங்கள். கழற்றின பாகங்களைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள்.

* வேண்டாம் என்று முடிவு செய்தாலும் கண்ணாடியை உடைக்க விடாதீர்கள். அதில் ஈயம் கலந்திருக்கிறது. மின்னணுக் கழிவு எடுப்பவர்களிடம் முழுசாகக் கொடுங்கள்.

பிக்சர் டியூபுக்கு வயதாகிவிட்டது, போனால் புதுசு கிடைக்காது என்று பெரியவர் சொல்லியிருக்கிறார். ரெண்டு வருஷமும் ஓடலாம், பத்து வருஷமும் ஓடலாமாம். அதனால் தினமும் போடுவதில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும். அன்றைக்குப் பக்கத்து வீட்டு வயதானவர்கள் இரண்டு பேரும் வந்து விடுகிறார்கள். ஒருத்தர், அந்த நாற்பது பேரில் தானும் ஒருத்தியாக இருந்ததாகச் சொன்னார். அத்தை அவரிடம், “நீ அப்பவே பாத்தாச்சு, தள்ளி உக்காரு” என்று சொல்லிச் சிரிக்கிறார். இப்போது என் சமையலில் உப்பு கூடினாலும் சொல்கிறார். சண்டையும் கொஞ்சம் திரும்பி வந்திருக்கிறது. இருக்கட்டும்.

கடை ரூம் இன்னும் கட்டவில்லை. தையல் மெஷினுக்கு மோட்டாரும் போடவில்லை. காலால்தான் மிதிக்கிறேன். கடுகு டப்பாவில் மறுபடி சேர்க்க ஆரம்பித்திருக்கிறேன்.

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பரணிலோ மாடிப்படிக்கு அடியிலோ இப்படி ஏதாவது கிடந்தால், காயலான் கடைக்குப் போடும் முன், அது யார் வாங்கினது என்று வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்கப் பதினாலு வருஷம் ஆகிவிட்டது.

— ஒரு வாசகி,
எடமலைப்பட்டி புதூர், திருச்சி.